வெள்ளை ஓடும் அறை

அறையைத் தரச் சொல்லி ஹியூபேட்டிடம் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் காலை அவரே தன் கட்டிலைக் கழற்றி, பலகைகளைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மகனைக் கூப்பிட்டார்.

"றெஜி, இந்தா. உன்ர லெப்புக்கு இடம்."

கொட்டாஞ்சேனையில் புதுச்செட்டித் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில், இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கித் தள்ள, மெலிந்து உயர்ந்து நிற்கிற வீடு அது. கீழே விறாந்தையும் குசினியும். செங்குத்தான படியில் ஏறினால் ஒரு சின்னக் கூடம், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு அறை. ஒன்றில் றெஜியும் மனைவி ஐறீனும் படுத்தார்கள். மற்றதில் ஹியூபேட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் பென்சனுக்கு வந்தபோது அவர் தனக்கென்று செய்துகொண்ட ஒரே ஆடம்பரம் அந்த அறையில் பூட்டிய ஏசி. வெயிலில் இரும்புக் கூண்டுக்குள் வெந்த உடம்பு, இனிமேல் குளிரில் கிடக்கட்டும் என்று சொல்லிப் பூட்டினார்.

றெஜிக்கு வேண்டியதும் அந்தக் குளிர்தான். அவன் வளர்க்க நினைத்தது சந்தையில் விற்கிற சாதாரணக் காளான் இல்லை. பெரிய ஹோட்டல்களில் வெள்ளைக்காரருக்குப் பரிமாறுகிற சாதிகள். வெள்ளைத் தாடி போலத் தொங்குகிற லயன்ஸ் மேன், ரோசாப்பூ நிறச் சிப்பிக் காளான், தண்டு தடித்த கிங் ஒயிஸ்டர். அவன் அவற்றைச் சமைத்தவன். காலிமுகத்திடல் பக்கம் ஒரு ஹோட்டல் குசினியில் படிப்படியாக மேலே வந்தவன். நாடு கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தாகி, வெளிநாட்டுக்காரர் வராமல் போய், ஹோட்டல்காரர் ஆட்களைக் குறைத்தபோது அவனையும் அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அவன் கிடந்த கிடையை ஐறீன் நினைக்க விரும்புவதில்லை. பகலெல்லாம் படுக்கை. குளிக்கச் சொன்னால் குளிப்பான், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான், சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. ஒரு பின்னேரம் ஹியூபேட் அவனைக் கொச்சிக்கடைப் பக்கம் கடலோரக் கல்லுகளிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நனைந்திருந்தார்கள். மழை இல்லாத நாள்.

"ஒண்டும் கேக்காத, மகள். தேத்தண்ணி போடு," என்றார் ஐறீனிடம். அவளும் கேட்கவில்லை. அதுபற்றி அந்த வீட்டில் பிறகும் யாரும் கதைக்கவில்லை.

காளான் யோசனையைக் கொண்டுவந்தது பழைய குசினிக் கூட்டாளி ரொனி. இப்போது வேறொரு ஹோட்டலில் செஃப். "மச்சான், இறக்குமதிச் சாமான் நேரத்துக்கு வாறதில்ல, வந்தாலும் பாதி அழுகல். நீ வளர்த்துத் தா, நான் எடுக்கிறன்," என்றான். அன்றிரவு றெஜி எழுந்திருந்து ஃபோனில் வீடியோ பார்த்தான். அடுத்த நாள் முகம் மழித்தான். ஹியூபேட் கட்டிலைக் கழற்றியது அதற்கடுத்த காலை.

*

லெப் என்றால் பெரிய ஆய்வுகூடம் ஒன்றுமில்லை. பழைய அலுமாரித் தட்டுகளும் கண்ணாடிப் பலகையும் வைத்து ஒரு பெட்டி. அதன் முதுகில் காற்றை வடிகட்டுகிற பில்டர், பில்டருக்குப் பின்னால் ஒரு ஃபேன். பெட்டிக்குள் சுத்தமான காற்று மட்டும் முகத்தை நோக்கி மெல்ல வந்துகொண்டிருக்க வேண்டும். கீழே குசினியில் பெரிய பிரஷர் குக்கர் இரண்டு. அவித்த சோளம் நிரப்பிய போத்தல்கள். மூலையில் மரத்தூள் மூட்டைகள், தவிடு, சுண்ணாம்பு. அகர் என்கிற கடற்பாசிக் கூழ் ஊற்றிய சின்னத் தட்டில் காளானின் ஒரு துணுக்கை வைத்தால், சில நாளில் பஞ்சுபோல நூல் விட்டுப் பரவும். அதை வெட்டிச் சோளத்துக்குள் போட்டால் சோளம் முழுவதும் வெளுக்கும். அந்தச் சோளம்தான் வித்து. மரத்தூள் பைக்குள் வித்தைப் போட, பையும் வெளுத்து, கீறிய இடத்தால் காளான் முளைக்கும். நூல் பரவுவதை அவர்கள் "வெள்ளை ஓடுது" என்றார்கள்.

வெள்ளை ஓடாமல் பச்சை பிடித்தால் எல்லாம் குப்பைக்கு. பச்சைப் பூஞ்சணத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும். றெஜி முதலில் செய்ததெல்லாம் பச்சை பிடித்தது. சமையல்காரனின் கை அவனுக்கு. வேகமாக வீசி வேலை செய்கிற கை. ஐறீனின் கை வேறு. அவள் வெள்ளவத்தையில் ஒரு பல் டொக்டரிடம் பல வருடம் வேலை செய்தவள். கருவிகளை அவித்து, ஒன்றிலும் முட்டாமல் எடுத்து நீட்டிப் பழகிய கை. ஒரு சனிக்கிழமை சும்மா பார்ப்போம் என்று அவள் பெட்டிக்கு முன்னால் இருந்தாள். கைக்கு ஸ்பிரிட் பூசி, கத்தியைச் சுவாலையில் பிடித்துச் சிவக்க வைத்து, ஆறவிட்டு, தட்டின் மூடியை ஒரு விரல் அளவு மட்டும் தூக்கி, துணுக்கை வெட்டி வைத்து மூடினாள். அவள் செய்த தட்டுகள் எல்லாம் வெள்ளை ஓடின.

"அப்ப நீ கிளினிக்க விட்டிரு," என்றான் றெஜி. சந்தோஷத்தில் சொன்னான். அது கேள்வி இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

அவளுக்குக் கிளினிக் பிடிக்கும். காலையில் சேலை உடுத்து பஸ் ஏறுவது, யன்னலோர சீற், கொள்ளுப்பிட்டி தாண்டினால் சந்துகளுக்குள்ளால் துண்டு துண்டாகத் தெரிகிற கடல், மத்தியானம் மற்றப் பிள்ளைகளோடு சோற்றுப் பார்சலைப் பகிர்ந்து சாப்பிடுவது. விட்டாள். கட்டிய மனுசன் எழுந்து நடமாடுகிறானே, அதற்கு மேல் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஹியூபேட்டுக்கும் வேலை கிடைத்தது. கூடத்தில் பாயில் குந்தியிருந்து பைகளுக்கு மரத்தூள் அடைத்தார். முற்றிய காளான்களைத் திருகி எடுத்துக் கூடையில் அடுக்கினார். லயன்ஸ் மேனுக்கு "சிங்கன்" என்று பெயர் வைத்தார். முதல் அறுவடையில் உடைந்து போனதை றெஜி மிளகும் உள்ளியும் போட்டு வெண்ணெயில் பிரட்டினான். மூவரும் குசினிக்குள்ளேயே நின்றபடி, சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார்கள்.

"நண்டு மாதிரி எல்லோ கிடக்கு! கர்த்தரே, மரத்தூளிலயிருந்து நண்டு!" என்றார் ஹியூபேட்.

றெஜி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு கிழவர் மெல்லுவதை மறந்து நின்றார்.

*

சிப்பிக் காளான் விரிந்துவிட்டால் தூள் கொட்டும். மா சலித்ததுபோல வெள்ளைத் தூள். அறைக்குள் புகைபோல நிற்கும். அதை வெளியே இழுக்க றெஜி யன்னலில் ஒரு ஃபேன் பூட்டினான். அது ஒழுங்கைக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கொடியைப் பார்த்து ஊதியது. சில நாளில் பக்கத்து வீட்டு நப்லா தன் மகளின் பள்ளிக்கூட யூனிபோமைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐறீன் அக்கா, இதப் பாருங்களே. கழுவிப் போட்டா காயுறதுக்குள்ள வெள்ளப் பவுடர். புள்ளைக்கு தும்மல் நிக்குதில்ல. என்னத்த ஊதுறீங்க மேலால?"

"காளான், நப்லா. கெடுதல் இல்ல."

"கெடுதல் இல்லாட்டி உங்கட ஊட்டுக்குள்ளயே ஊதிக்கோங்களே."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. றெஜி அன்றே யன்னலைப் பலகை வைத்து அடைத்தான். ஃபேனைக் கதவுக்கு மேலுள்ள இடைவெளியில் பூட்டினான். அது இப்போது கூடத்துக்குள் ஊதியது. ஹியூபேட் பாய் போட்டுப் படுக்கிற கூடம்.

"டடா, உங்களுக்குப் பரவாயில்லையா?"

"கோதுமைக் கப்பலுக்கு மேல எத்தினை வருஷம் நிண்டவன் நான். இது என்ன தூசு!"

ஆடி மாதம் அளவில் அவருக்கு இருமல் பிடித்தது. வறட்டு இருமல். பின்னேரமானால் உடம்பு காயும், குளிர் எடுக்கும், காலையில் விட்டுவிடும். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள் ஐறீன். பாமசியில் மருந்து வாங்கினாள். படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, சுவரில் ஏதோ பார்ப்பதுபோலப் பாவனை செய்தார். கழுத்துக் குழி உள்ளே இழுபட்டது. சோறு இறங்கவில்லை; உடுப்பு உடம்பில் தொங்கியது.

நெஞ்சு டொக்டரிடம் அவள்தான் கூட்டிப்போனாள். றெஜிக்கு அன்று ஹோட்டலுக்குக் காளான் கொடுக்கிற நாள். டொக்டர் சிங்களவர், இளம் ஆள், பொறுமையானவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு முன்னால் இருந்தார்.

"அங்கிள், கெதர பறவியோ இன்னவத?" என்றவர், ஐறீனைப் பார்த்துத் தமிழிலும் கேட்டார். "வீட்டில புறா இருக்கா? கோழி, கிளி? வைக்கோல், பூஞ்சணம் பிடிச்ச சாமான், அப்படி ஏதும்? இந்த நெஞ்சு அப்படியான தூள் போன நெஞ்சு மாதிரி இருக்கு."

ஐறீன் வாயைத் திறந்தாள். அதற்குள் ஹியூபேட் சொல்லிவிட்டார்.

"நே, டொக்டர். மொக்குத் நே. ஒண்டும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இருந்தா அதை விட்டு விலகிறதுதான் மருந்து. விலகாட்டி நெஞ்சு இறுகிப் போகும். பிறகு நான் ஒண்டும் செய்ய ஏலாது."

"துறைமுகத்தில வேலை செஞ்சனான். பழைய தூசா இருக்கும்."

டொக்டர் ஐறீனைப் பார்த்தார். ஹியூபேட் மேசைக்குக் கீழே அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கிரேன் ஓட்டிய கை, இன்னும் பலமான கை. அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்ற ஆட்டம். டொக்டர் குளிசை எழுதினார்.

த்ரீவீலில் வரும்போது மழை பிடித்தது. றெக்சீன் திரையை இழுத்துக்கொண்டு இருவரும் ஒடுங்கி இருந்தார்கள்.

"ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"எது பொய்? புறா வளக்கிறமா?"

"மாமா."

அவர் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார். "அண்டைக்கு அவன அந்தக் கல்லில இருந்து நான்தான் எடுத்தனான். நீ பாக்கேல்ல. முழங்காலுக்கு மேல தண்ணி. கூப்பிட்டன், திரும்பிப் பாக்கேல்ல. கிட்டப் போய்க் கையப் பிடிச்சாப் பிறகுதான் 'டடாவா?' எண்டான். நித்திரையால எழும்பினவன் மாதிரி." திரைக்கு அப்பால் பஸ் ஒன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. "இப்ப அவன் காலமை எழும்பிப் பாட்டுப் படிக்கிறான். எனக்கு இது போதும். நீ ஒண்டும் சொல்லாத."

*

அவள் சொன்னாள். ஆனால் முழுவதும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் றெஜி பைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது கதவடியில் நின்று, "டொக்டர் வீட்டில புறா இருக்கா எண்டு கேட்டவர்," என்றாள்.

ஏன் புறா, நெஞ்சு வருத்தத்துக்கும் புறாவுக்கும் என்ன என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். யாராக இருந்தாலும் கேட்பார்கள். அவன் கேட்கவில்லை. தெளிக்கிற கை ஒரு கணம் நின்றது; பிறகு தெளித்தது. அவன் முகத்தில் மாஸ்க் இருந்தது. லெப்புக்குள் வரும்போதெல்லாம் அவன் அதைப் போடுவான். தொடக்கத்தில் காளான் வளர்ப்புப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்த முதல் நாளே வாங்கியது. நல்ல மாஸ்க், இருபக்கமும் வடிகட்டி வைத்தது. ஒன்றுதான் வாங்கினான்.

"டடா என்ன சொன்னவர்?"

"இல்லையெண்டவர்."

"ம்."

"றெஜி, உங்களுக்குத் தெரியுமா?"

"டிசம்பர் ஓடர் முடியட்டும், ஐறீன். ரொனியின்ர ஹோட்டல் மட்டுமில்ல, வேற ரெண்டு இடமும் கேக்குது. அது முடிய இரத்மலானையில ஒரு ஷெட் எடுப்பம். அதுவரைக்கும் டடாவ றஷ்மி வீட்டில விடுவம்."

றஷ்மி அவன் தங்கச்சி. இரத்மலானையில் மாமன் மாமியோடு இருப்பவள். ஹியூபேட்டைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே போன கொஞ்ச நாளில் காய்ச்சல் நின்றது. இருமல் குறைந்தது. பக்கத்து விமானத் தளத்தில் பிளேன் ஏறுவதைப் பார்க்கக் காலையில் சந்திவரை நடக்கிறார் என்று றஷ்மி ஃபோனில் சொன்னாள். அவருக்கு எது ஆகாது என்பதில் அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் அவர் திரும்பி வந்துவிட்டார். ஒருவரிடமும் சொல்லாமல், பையைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில்.

"சம்பந்தி வீட்டு ஹோலில எத்தினை நாள் ரீவி பாக்கிறது? இங்க கிறிஸ்மஸ் வேலை கிடக்கு," என்றார். கூடத்தில் பாயை விரித்தார். றெஜி ஐறீனைப் பார்க்காமல், "அப்ப டடா பைய மட்டும் அடையுங்கோ, காளான் பிடுங்க வேண்டாம்," என்றான். ஃபேன் கூடத்துக்குள் ஊதிக்கொண்டே இருந்தது. ஒரு கிழமைக்குள் இருமல் வந்துவிட்டது.

*

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து வந்து, றெஜி கூடையை எடுத்துக்கொண்டு ரொனியிடம் போய்விட்டான். டிசம்பருக்கான வித்து முழுவதும் அன்றுதான் போட வேண்டும். அவித்து ஆறிய சோளப் போத்தல்கள் தட்டு முழுக்க வரிசையாக நின்றன. தாய்த் தட்டுகள், எல்லாச் சாதியிலும் அவள் மாதக் கணக்காகத் தேர்ந்து தேர்ந்து எடுத்தவை, பெட்டிக்குள் அடுக்கியிருந்தன.

ஐறீன் பெட்டிக்கு முன்னால் இருந்தாள். கைக்கு ஸ்பிரிட் பூசினாள். கூடத்தில் ஹியூபேட் இருமுவது கேட்டது. இருமி, நிறுத்தி, மூச்சைத் தேடுகிற சத்தம்.

எழுந்து போய் யன்னல் பலகையைக் கழற்றினாள். ஆணி இறுகியிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்பினாள். மழைக் காற்று உள்ளே வந்தது. ஒழுங்கையின் சாக்கடைக் கான் நாற்றம், யாரோ மீன் பொரிக்கிற மணம், துறைமுகப் பக்கத்து எண்ணெய்ப் புகை. பெட்டியின் ஃபேனை நிறுத்தினாள். தட்டுகளின் மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் மல்லாத்தி வைத்தாள். மரத்தூள் மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி உதறினாள். பிறகு கதிரையில் இருந்து, சுவாலையை மூட்டாமலே, கத்தியால் வெட்டி வெட்டிப் போத்தல்களுக்குள் போட்டாள். எல்லாப் போத்தலுக்கும். ஒன்றையும் விடவில்லை.

ஹியூபேட்டின் நெஞ்சை நினைத்துத்தான் எழுந்தாள். ஆனால் பலகை கழன்று காற்று முகத்தில் அடித்தபோது அவளுக்குள் வந்தது இரக்கம் இல்லை. பஸ்ஸில் யன்னலோர சீற் கிடைத்த மாதிரி ஒன்று. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் மற்றப் போத்தல்களையும் திறந்தாள்.

திரும்பியபோது ஹியூபேட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. யன்னலைப் பார்த்தார். மல்லாந்து கிடந்த மூடிகளைப் பார்த்தார். இந்த வேலையில் எது கூடாது என்பது அந்த வீட்டில் அவருக்கும் தெரியும். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், இருமல் வந்தது. இருமி முடித்து, போய்ப் பாயில் இருந்து, ஒரு பையை எடுத்து மரத்தூள் அடைக்கத் தொடங்கினார்.

அவள் தட்டுகளையும் போத்தல்களையும் மூடிவிட்டு, பலகையைத் திரும்பவும் ஆணி வைத்து அடித்தாள்.

*

முதலில் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத்தான் இருந்தது. றெஜி அந்த வித்தை நம்பிப் பைகளில் போட்டுவிட்டான். பிறகு ஒரு போத்தலின் அடியில் பச்சை. அடுத்த நாள் நாலைந்தில். பிறகு பைகளில், கன்றிப்போன காயம்போல. கடைசியில் அறை முழுக்கப் பச்சை. றெஜி எல்லாவற்றையும் கழுவினான், குளோரினால் துடைத்தான், பில்டரை மாற்றினான், திரும்பவும் போட்டான். திரும்பவும் பச்சை. தாய்த் தட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"என்ர பிழைதான்," என்றான் ஐறீனிடம். "குக்கர நான்தான் நேரத்தோட இறக்கியிருப்பன். உன்ர கையில பிழை வராது."

அவள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தொடர்ந்து கூட்டினாள். கூடத்திலிருந்து ஹியூபேட் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொனி வேறு யாரிடமோ எடுத்தான். கிறிஸ்மஸ் அன்று றெஜி கோயிலுக்கு வரவில்லை. ஆனால் அவன் பழையபடி படுக்கவும் இல்லை. திரும்பவும் கடலுக்குள் இறங்கிவிடுவானோ என்ற பயத்தில் கிழவர் அவன் போகிற இடமெல்லாம் பின்னாலே போய்க்கொண்டிருந்தார், கடைக்கு, சலூனுக்கு, பஸ் தரிப்புக்கு. தை பிறந்ததும் றெஜி மாலைதீவுக்கு ஆள் எடுக்கிற ஒரு ஏஜென்சியில் கையெழுத்து வைத்தான். தீவொன்றில் ஹோட்டல் குசினி. முன்பு தனக்குக் கீழே வேலை பழகிய ஒருவனுக்குக் கீழே, மரக்கறி வெட்டுகிற வேலை. விமான நிலையத்தில் தகப்பனைக் கட்டிப்பிடித்தான். ஐறீனிடம், "அறைக்கு சுண்ணாம்பு அடி. டடா திரும்பப் படுக்கட்டும்," என்று மட்டும் சொன்னான்.

அவள் அடித்தாள். கட்டிலைப் பூட்டினாள். ஹியூபேட்டுக்கு உடம்பு தேறி வந்தது. நெஞ்சு டொக்டர் புது எக்ஸ்ரேயைப் பார்த்து, "நல்லம், நேரத்தோட நிண்டிட்டுது," என்றார், எது நின்றது என்று தெரியாமல். வெள்ளவத்தை டொக்டரிடம் அவள் இடத்துக்கு வந்த பிள்ளை கலியாணம் முடித்துப் போயிருந்ததால், பங்குனியில் ஐறீனைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

அவள் வேலைக்குத் திரும்பிய நாள் காலை. பாணும் கட்டச் சம்பலும் பருப்பும் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் செருகினாள். இத்தனை நாளும் ஹியூபேட் அவளோடு கதைத்ததெல்லாம் தண்ணி, மருந்து, கேஸ் முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான். இன்று அவராகவே தொடங்கினார்.

"றெஜி நேற்று ஃபோனில பேசினவன்."

"எனக்கு எடுக்கேல்லையே, மாமா."

"ஓம். எனக்குத்தான் எடுத்தவன். வெங்காயம் உரிச்சு உரிச்சு விரல் வெடிச்சுப் போச்சாம். அவன்ர கையில எவ்வளவு வேலை இருந்தது." பாணைப் பிய்த்தார். "'டடாவுக்கு இப்ப இருமல் இல்லைத்தானே, அது போதும்' எண்டான். அவனுக்கும் எங்கயோ தெரியும் போல, எனக்கு எது ஆகேல்ல எண்டு."

ஐறீன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மாதக் கணக்காக உள்ளே வைத்திருந்ததைச் சொல்ல இதுதான் இடம் என்று தோன்றியது.

"மாமா, அண்டைக்கு நான் யன்னலத் திறந்தது உங்கட..."

"சொல்லாத."

குரல் உயரவில்லை. கையை மட்டும் தூக்கினார்.

"நீ செஞ்சத அவனுக்கு நான் சாகுமட்டும் சொல்ல மாட்டன். அதுக்குப் பயப்பிடாத. ஆனா எனக்காகச் செஞ்சன் எண்டு மட்டும் என்னட்டச் சொல்லாத, மகள். நான் உன்னட்டக் கேக்கேல்ல. உன்ர முகத்த நான் அண்டைக்குப் பாத்தனான்."

ஒழுங்கையில் யாரோ பாண்காரனைக் கூப்பிட்டார்கள். ஐறீன் பையைத் தோளில் மாட்டினாள். செருப்பைப் போட்டாள். விறாந்தையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கினாள்.

ஹியூபேட் பருப்பை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு படியில் ஏறினார். நடுவில் எங்கும் நிற்காமல், கைப்பிடியைப் பிடிக்காமல், மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.